மண்ணீரலில் ஒரு பிராஞ்ச் ஆபீஸ்

மதுரையிலிருந்து மாமா போன் பண்ணினால் சாதாரணமாக இரண்டே சமாசாரம்தான். ஒன்று வெயில். இன்னொன்று, அவருக்கு வரவேண்டிய அரியர்ஸ். 2022 ஐப்பசியில் ஒருநாள், லஞ்ச் டப்பாவைத் திறக்கிற நேரத்தில் போன் வந்தது. இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று சொன்னார்.

‘‘மாப்ளே, இடது பக்கம் விலாவுக்குக் கீழே யாரோ ஒரு செங்கல்லை வெச்சுட்டு எடுக்க மறந்துட்டாங்கடா.’’

மாமா சாப்பாட்டில் சாமானியப்பட்ட ஆசாமி இல்லை. என் கல்யாணத்தில் அவர் உட்கார்ந்த வரிசைக்கு மட்டும் இரண்டாவது தடவை வடை போட வேண்டியிருந்தது. அப்பேர்ப்பட்டவருக்கு இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்து விடுகிறதாம். இதைக் கேட்டதும் எனக்கு லேசாகத் திக்கென்றது.

அத்தையின் தீர்ப்பு, வாயு. தண்டனை, ஓமத் தண்ணீர் ஒரு மண்டலம். மாமாவின் ஆபீஸில் பக்கத்து சீட்காரர் ‘அல்சர்’ என்றார். எதிர் சீட்காரர் ‘டென்ஷன்’ என்றார். (எந்த ஆபீஸிலும் மூன்று அரை டாக்டர்கள் உண்டு. உங்கள் ஆபீஸிலும் இருப்பார்கள். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.) ராத்திரியில் படுக்கை விரிப்பு நனைகிற அளவுக்கு வியர்த்திருக்கிறது. மாமா அதற்கு ஃபேன்தான் காரணம் என்று முடிவு கட்டி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு தடவை கண்டென்ஸர் மாற்றியிருக்கிறார். நாலு மாதத்தில் எட்டு கிலோ குறைந்ததைக்கூட ‘வாக்கிங் போறேன்ல’ என்று பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்தார்.

கடைசியில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 8.2. அதைப் பார்த்து வயிற்றுக்கு ஒரு அல்ட்ரா சவுண்ட். அதில்தான் வந்தது வினை. மண்ணீரல் 21 சென்டிமீட்டர். அதற்குள் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு ‘மாஸ்’.

நமக்கு ‘மாஸ்’ என்றால் ஹீரோ காரிலிருந்து முதலில் ஒரு காலை மட்டும் கீழே வைப்பது. ரேடியாலஜிஸ்டுகளுக்கு ‘மாஸ்’ என்றால் கட்டி. என்ன கட்டி, நல்லதா கெட்டதா என்றெல்லாம் அந்த வார்த்தை சொல்லாது. ‘சுற்றியிருப்பது மாதிரி இல்லாமல் இங்கே ஏதோ ஒரு திரள் இருக்கிறது’, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆனால் ரிப்போர்ட்டை முதலில் படிப்பது டாக்டர் இல்லையே, அத்தைதானே! படித்து, பக்கத்து வீட்டு காலேஜ் பெண்ணிடம் அர்த்தம் கேட்டு, சமயபுரத்துக்கு முடிந்து வைத்துவிட்டார். மாமா அவர் பங்குக்கு ஒரு டைரி வாங்கி எல்.ஐ.சி. பாலிஸி நம்பர், பி.எஃப். நம்பர், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுத ஆரம்பித்து விட்டார். ரிடையராக ஏழு மாதம் பாக்கி. பெண்ணுக்கு வரன் பார்த்துக் கொண்டிருந்தார்கள். ‘அவளுக்கு மட்டும் இப்போதைக்குச் சொல்லிடாதே மாப்ளே’ என்றார்.

மறுநாள் ராத்திரி பஸ்ஸில் இரண்டு பேரும் சென்னைக்கு வந்து என் வீட்டில் இறங்கினார்கள்.

*

மண்ணீரலைப் பற்றி நமக்கெல்லாம் என்ன தெரியும்? இதயத்துக்குக் காதல் இருக்கிறது. கல்லீரலுக்கு டாஸ்மாக் இருக்கிறது. கிட்னிக்குத் தினம் ஒரு நியூஸ். மண்ணீரலைப் பற்றி ஒரு சினிமாப் பாட்டுகூட எனக்குத் தெரிந்து கிடையாது. பழைய கிரேக்கர்கள் மட்டும் மெனக்கெட்டு, மனிதனுக்குச் சோகத்தைக் கொடுக்கிற கருப்புப் பித்தம் இங்கேதான் தங்குகிறது என்று சொல்லி வைத்தார்கள். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

இடது விலாவுக்குள் ஒளிந்துகொண்டு, கையை மூடினால் முஷ்டி எவ்வளவோ அவ்வளவு சைஸ். நீளம் 11, 12 சென்டிமீட்டர். எடை சுமார் 150 கிராம். ஆரோக்கியமான ஆளுக்கு டாக்டர் வயிற்றை எவ்வளவு அமுக்கிப் பார்த்தாலும் கைக்குத் தட்டுப்படாது. வேலை, ரத்தத்தைச் சலிப்பது. ஒரு சிவப்பணுவின் சர்வீஸ் சுமார் 120 நாள். அது முடிந்து தளர்ந்துபோன அணுக்களைப் பிடித்து, பிரித்து, இரும்பை எடுத்துத் திருப்பி அனுப்பும். ரத்தம் உறைவதற்கு வேண்டிய பிளேட்லெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் இருப்பு வைத்திருக்கும். மொத்தத்தில் பழைய இரும்புக் கடையும் ஸ்டோர்ஸும் சேர்ந்தது.

அது ஏன் மாமாவுக்கு இரண்டு மடங்கு நீளத்துக்கு வீங்க வேண்டும்?

சென்னையில் நாங்கள் பார்த்த ரத்த நோய் டாக்டர் மெலிந்த மனிதர். குரல் அதைவிட மெலிது. மாமாவின் ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ‘‘உங்க சிவப்பணு நிறைய, கண்ணீர்த் துளி ஷேப்ல இருக்கு’’ என்றார்.

‘‘நான் அழலை டாக்டர். என் ரத்தம்தான் எனக்காக அழுதுக்கிட்டிருக்கு போல’’ என்றார் மாமா. அத்தை முறைத்தார்.

அடுத்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. வறண்ட கிணற்றில் வாளி விட்ட கதை. பிறகு வேறொரு ஊசியால், பென்சில் முனை மாதிரி சின்னதாக ஒரு எலும்புத் துண்டே எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பெயர் தெரிந்தது. மைலோஃபைப்ரோஸிஸ்.

பெயர்தான் பெரிசு. விஷயம், இளநீர் வழுக்கை மாதிரி இருக்கவேண்டிய எலும்பு மஜ்ஜை, தேங்காய் நார் மாதிரி ஆகிவிடுவது. 1879-ல் குஸ்டாவ் ஹாய்க் என்ற ஜெர்மன் டாக்டர் இதை முதலில் விவரித்து எழுதினார். காரணம் தெரிய 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரத்தம் ஊறவைக்கிற தாய் அணு ஒன்றில் ஜாக்-2 என்கிற ஜீனில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. இந்த நோய்க்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்தப் பிழை இருக்கிறது. மாமாவுக்கும் இருந்தது. இது பரம்பரையாக வருவதில்லை, பெண்ணுக்கு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரு வாய் காபி குடித்தார்.

‘‘மஜ்ஜையில இடம் போச்சுன்னா ரத்தம் எங்கே ஊறும் டாக்டர்?’’ என்று நான் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நானே நம் பாஷையில் மாற்றிச் சொல்கிறேன்.

நீங்களும் நானும் அம்மா வயிற்றில் இருந்தபோது, எலும்பெல்லாம் இன்னும் தயாராகாத காலத்தில், நமக்கு ரத்தம் ஊறவைத்தது கல்லீரலும் மண்ணீரலும்தான். அதுதான் டெம்பரரி ஆபீஸ். எலும்பு தயாரானதும் ஹெட் ஆபீஸ் அங்கே போய்விட்டது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மார்பெலும்பு என்று பெரிய கட்டடங்கள். ஒரு நாளைக்கு உற்பத்தி சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள். மண்ணீரல் ஃபைலை மூடி வைத்துவிட்டு பழைய இரும்புக் கடைக்கு மாறிவிட்டது. இப்போது ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, ஹெட் ஆபீஸில் நார் மண்டி உட்கார இடமில்லை. அங்கிருந்து துரத்தப்பட்ட தாய் அணுக்கள் ரத்தத்தோடு அலைந்து, பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு மண்ணீரலுக்கே வந்து சேர்கின்றன. ‘நாங்கள் இங்கேயே வேலை செய்கிறோம்’ என்று நாற்காலி போடுகின்றன. பிராஞ்ச் ஆபீஸ் வீங்காமல் என்ன செய்யும்?

பிராஞ்ச் ஆபீஸ் வேலையின் தரம் நமக்குத் தெரிந்ததுதான். அரைகுறையாக வெந்த அணுக்களும், கண்ணீர்த் துளி அணுக்களும் வெளியே வரும். ஆனாலும் ஏதோ வரும்.

‘‘அப்போ அந்தக் கட்டி?’’ அத்தை.

‘‘பெரும்பாலும் இந்த வேலை மண்ணீரல் முழுக்கப் பரவலா நடக்கும். அபூர்வமா சில பேருக்கு ஒரே இடத்துல திரண்டு கட்டி மாதிரி தெரியும். இது அதுவாவும் இருக்கலாம். வேறயாவும் இருக்கலாம். நெறி கட்டற கேன்ஸர், ரத்தப் புற்று அணுக்கள் வந்து படியறது, ரத்தக்குழாய் முடிச்சு, நீர்க்கட்டி... லிஸ்ட் இருக்கு. எம்.ஆர்.ஐ. பார்த்துடலாம்.’’

இதற்கு நடுவில் சொந்தத்தில் ஒருவர், ‘மண்ணீரல் இல்லாமலே மனுஷன் இருக்கலாம், எடுத்துத் தூரப் போட்டாப் போச்சு’ என்று போனிலேயே ஆபரேஷன் பண்ணி முடித்தார். டாக்டரிடம் அதையும் கேட்டேன். விபத்தில் கிழிந்த மண்ணீரலை எடுப்பது வேறு, இந்த நோயில் எடுப்பது வேறு என்றார். ரத்தப்போக்கு, உறைகட்டி, தொற்று என்று ஆபரேஷனிலேயே உயிருக்கு ஆபத்து கணிசம். கடைசிக் கட்டத்தில் வேறு வழியில்லாமல்தான் யோசிப்பார்களாம். சரி, ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கலாமே? மண்ணீரல் என்பது ரத்தம் நிறைந்த பஞ்சு. குத்தினால் ஒழுகலாம். அதனால் முதலில் குத்தாமல் பார்க்கிற வழி.

*

எம்.ஆர்.ஐ. எப்படி வேலை செய்கிறது என்று அன்று ராத்திரி மாமாவுக்கு மொட்டைமாடியில் விளக்கினேன். எனக்கே அப்போதுதான் புரிந்தது.

உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் குட்டிக் காந்தம். சும்மா இருக்கும்போது ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும், மேனேஜர் வராத ஆபீஸ் மாதிரி. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தத்தைவிடச் சுமார் முப்பதாயிரம் மடங்கு. மேனேஜர் உள்ளே நுழைந்துவிட்டார்! எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், பத்து லட்சத்தில் சுமார் ஐந்து பேர்தான் அதிகப்படியாகக் காந்தத்தின் பக்கம் நிற்கிறார்கள். (நம் ஆபீஸே தேவலை.) ஆனால் உடம்பில் இருக்கிற கோடானுகோடி அணுக்களில் அந்த ஐந்தே எக்கச்சக்கம்.

இப்போது 64 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ அலை. எஃப்.எம். ஸ்டேஷன்கள் 88-ல் ஆரம்பிக்கின்றன, அதற்குக் கொஞ்சம் கீழே. இதுதான் டீப் பையனின் குரல். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் சாய்வார்கள். டீப் பையன் போய்விடுகிறான். இதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயமே.

ஒன்று, ஒவ்வொருவரும் சீட்டுக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? அது டி-1. கொழுப்பு சுறுசுறுப்பு, சட்டென்று திரும்பிவிடும். தண்ணீர் சோம்பேறி. இரண்டு, டீ வந்த முதல் நிமிஷம் எல்லாரும் கோரஸாகக் கிரிக்கெட் பேசுவார்கள். பிறகு ஆளுக்கொரு பேச்சாகப் பிரிந்து கோரஸ் கலைந்துவிடும். கலைய எவ்வளவு நேரம்? அது டி-2. தண்ணீரில் கோரஸ் ரொம்ப நேரம் நீடிக்கும். நடுவில் இரும்பு என்கிற வம்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் உடனே கலைந்துவிடும். டி-1 படத்தில் கொழுப்பு வெளுப்பு. டி-2 படத்தில் தண்ணீர் வெளுப்பு, இரும்பு கருப்பு. இந்த மூன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மாமாவின் வயிற்றைப் படித்துவிடலாம்.

இதைக் கண்டுபிடித்த கதை தனி ரகளை. 1971-ல் ரேமண்ட் டமேடியன் என்ற அமெரிக்க டாக்டர், எலிகளின் புற்றுக் கட்டியில் இந்தத் திரும்பும் நேரம் அதிகமாக இருக்கிறது என்று எழுதினார். அதே வருஷம் பால் லாட்டர்பர் என்ற கெமிஸ்ட்ரி புரொஃபஸர் ஒரு ஹாம்பர்கர் கடையில் சாப்பிடும்போது, காந்தத்தின் பலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாற்றினால் எந்த சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று தெரியுமே, படமே வரையலாமே என்று யோசித்தார். எழுதி அனுப்பியதை ‘நேச்சர்’ பத்திரிகை முதலில் திருப்பி அனுப்பியது. (திரும்பி வந்த கதைகளை டிராயரில் வைத்திருக்கும் வாசகர்கள் கவனிக்க.) மறுபடி வாதாடி 1973-ல் பிரசுரமானது. 1977 ஜூலை 3-ல் டமேடியன் தன் மெஷினில் முதல் மனித உடம்பைப் படம் பிடித்தார். முதலில் அவரே உள்ளே உட்கார்ந்து பார்த்தார். மெஷின் மசியவில்லை. ஆள் பருமன் என்று சந்தேகப்பட்டு, ஒல்லியான மாணவர் லாரி மிங்காஃபை உள்ளே உட்காரவைத்தார்கள். மார்பில் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். 2003-ல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமேடியன் பொறுக்கமாட்டாமல், ‘இது வெட்கக்கேடான அநியாயம்’ என்கிற ரீதியில் பேப்பர்களில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார்.

‘‘அந்த ஆளு பாவம்டா. புரமோஷன் நமக்கு வரவேண்டியது, பக்கத்து சீட்டுக்குப் போச்சுன்னா எப்படி இருக்கும்?’’ என்றார் மாமா. டைரியைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

*

ஸ்கேன் சென்டரில் ஒரு பெண் நீளமாகக் கேள்வித்தாள் நீட்டினாள். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? மூளையில் கிளிப்? கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள்? கிட்னிக்காகக் கிரியேட்டினின் ரிப்போர்ட் கேட்டாள், சாய ஊசி போடவேண்டியிருந்ததால். பிறகு மாமாவைக் காலி பண்ணச் சொன்னார்கள். மோதிரம், வாட்ச், பெல்ட், சில்லறை, பேனா, எதற்கோ வைத்திருந்த ஒரு திருப்புளி. கடைசியில் இடுப்பில் வெள்ளி அரைஞாண். ‘‘வெள்ளியைக் காந்தம் இழுக்காதே தம்பி?’’ என்று மாமா வாதம் செய்தார். ‘‘இழுக்காது சார், ஆனா சூடாகும்’’ என்றான் டெக்னீஷியன். மாமா பேசாமல் கழற்றி அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் அந்த முடிச்சை அவர் விடவேயில்லை.

வெளியே எங்களுக்கே சத்தம் கேட்டது. ரோடு போடுகிறவன் கம்ப்ரெஸ்ஸர் மாதிரி கொஞ்ச நேரம், பக்கத்து வீட்டில் சுவரில் ஆணி அடிப்பது மாதிரி கொஞ்ச நேரம். காந்தத்துக்குள் இருக்கிற கம்பிச் சுருள்களில் கரண்ட்டை மாற்றி மாற்றிப் பாய்ச்சும்போது அவை அதிர்கின்றனவாம். வயிறு மூச்சோடு ஏறி இறங்கினால் படம் கலங்கிவிடும் என்பதால் நடுநடுவே ஒரு குரல்: மூச்சை இழுங்க... நிறுத்துங்க... விடுங்க.

வெளியே வந்ததும் மாமா, ‘‘அந்தப் பொண்ணு ஒரு தடவை ‘விடுங்க’ன்னு சொல்ல மறந்துட்டாடா. நானா விட்டிருக்கலாம். ஆனா சொல்லாம எப்படி விடறது?’’ என்றார். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்!

*

அந்த ரேடியாலஜிஸ்ட் நல்லவர். ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்துத் துரத்தாமல் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, திரையில் காட்டினார்.

‘‘முதல்ல வயித்தைப் பார்க்காதீங்க. முதுகெலும்பைப் பாருங்க’’ என்றார். டி-1 படம். இந்த வயதுக்காரருக்கு மஜ்ஜையில் கொழுப்பு கலந்திருக்கும், அதனால் முதுகெலும்புக் கட்டைகள் வெளுப்பாகத் தெரியவேண்டும். மாமாவுக்கு ஒவ்வொரு கட்டையும் கருப்பாக இருந்தது, வரிசையாக விளக்கு அணைத்த ரூம்கள் மாதிரி. ஹெட் ஆபீஸ்.

பிறகு மண்ணீரல். திரையில் பாதி வயிற்றை அடைத்துக்கொண்டு வழிந்தது. இரைப்பை ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. அந்த இரண்டு இட்லிக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. ஓரத்தில் ஒரு முக்கோணத்தைக் காட்டி, ‘‘இது பழைய இன்ஃபார்க்ட். மண்ணீரல் ரொம்ப வளர்ந்தா ஓரத்துக்கு ரத்தம் போதாம ஒரு துண்டு செத்துப்போகும். இடது தோள்பட்டைல வலிச்சிருக்குமே?’’ என்றார். வலித்தது. ஆபீஸில் ஸ்கூட்டர் தள்ளியதால் என்று மாமா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அது. உருண்டையாக, நாலு சென்டிமீட்டர். நான் மூச்சை நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை.

‘‘நீர்க்கட்டியா இருந்தா டி-2ல பல்பு மாதிரி எரியும். இது அப்படி எரியலை, லேசாத்தான் வெளுத்திருக்கு. நீர்க்கட்டி இல்லை. ரத்தக்குழாய் முடிச்சுன்னா இன்னும் நல்லா வெளுத்திருக்கும், சாயம் ஓரத்துலேர்ந்து உள்ளே ரொம்பும். அதுவும் பொருந்தலை. இரும்புப் படிவம்னா கருத்திருக்கணும். இது சாயத்தைக் கொஞ்சமாத்தான் ஏத்துக்குது. பக்கத்து நிணநீர் முடிச்சு எதுவும் பெருக்கலை. முதுகெலும்பு இப்படி இருக்கிற ஆளுக்கு, மண்ணீரல் இப்படி இருக்கும்போது... ரத்தம் ஊறுற கட்டின்னுதான் எனக்குத் தோணுது. வேலை நடந்துக்கிட்டிருக்கிற கட்டி. வேலை ஓய்ஞ்சு பழசானா அதிலே இரும்பு சேர்ந்து கருக்கும், இல்லே கொழுப்பு சேர்ந்து டி-1ல வெளுக்கும்.’’

‘‘அப்போ கேன்ஸர் இல்லையே சார்?’’

அவர் நாற்காலியில் சாய்ந்தார். ‘‘அப்படி நான் எழுத மாட்டேன். லிம்ஃபோமா சில சமயம் இதே மாதிரி வேஷம் போடும். படம் பார்த்துச் சத்தியம் பண்றவனை நம்பாதீங்க. சந்தேகப் பட்டியல்ல எது மேலே, எது கீழேன்னு என்னால சொல்ல முடியும். அவ்வளவுதான்.’’

வெளியே வராந்தாவில் அத்தையும் மாமாவும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பத்தடி தூரம். நான் வாழ்க்கையில் நடந்த நீளமான பத்தடி அது. ‘ஒண்ணுமில்லை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அத்தை அதைத்தான் எதிர்பார்த்தார். என்னால் முடியவில்லை. ‘‘பெரும்பாலும் நல்லதுங்கறார். மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணுமாம்’’ என்றேன். அத்தை முகத்தில் ‘பெரும்பாலும்’ மட்டும் தங்கியது. மாமா, ‘‘சரி, வாங்க. பசிக்குது’’ என்றார். அவருக்குப் பசித்திருக்க முடியாது. நான்தான் இரைப்பையைப் பார்த்துவிட்டு வந்தேனே.

ரத்த டாக்டரும் அதேதான் சொன்னார். ஊசி வேண்டாம், கவனித்துப் பார்ப்போம். வளர்ந்தால் அப்போது குத்திப் பார்க்கலாம். கூடவே மாத்திரை ஒன்று, ரக்ஸோலிட்டினிப். அந்த ஜாக் பிழை கிளப்புகிற ரகளையை அடக்குவது. 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயை வேரோடு எடுக்காது, மண்ணீரலைச் சுருக்கும், வியர்வையைக் குறைக்கும். முதலில் ஹீமோகுளோபினை இன்னும் கொஞ்சம் இறக்கவும் செய்யும். இந்த மருந்தைச் சோதித்தபோது ஜெயித்ததா இல்லையா என்று தீர்மானித்ததும் இதே ஸ்கேன்கள்தான். ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்திலும் மண்ணீரலின் பரப்பைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் கன அளவு வந்துவிடும். 24 வாரத்தில் 35 சதவீதமாவது குறைந்தால் பாஸ் மார்க். ஒரு சோதனையில் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் பாஸ் பண்ணினார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை என்றே சொல்லலாம், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அந்த மூன்று மாதத்தை நான் எழுதப்போவதில்லை. மாமா பெண்ணிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். அவள் அழவில்லையாம். ‘எனக்கு ஏம்ப்பா முதல்லயே சொல்லலை?’ என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். மாமாவுக்கு ஊசியைவிட அதுதான் வலித்ததாம்.

2023 மாசியில் இரண்டாவது ஸ்கேன். இந்தத் தடவை அரைஞாணை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். மண்ணீரலின் கன அளவு கால்வாசி குறைந்திருந்தது. கட்டி வளரவில்லை. ஒரு ஓரத்தில் டி-2 படத்தில் புதிதாகக் கொஞ்சம் கருப்பு.

‘‘இரும்பா சார்?’’ என்றேன்.

ரேடியாலஜிஸ்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘‘எந்த காலேஜ்ல படிச்சீங்க?’’

‘‘பி.காம். சார்.’’

சிரித்தார். ‘‘இரும்பாத்தான் இருக்கும். ஆறு மாசம் கழிச்சு வாங்க’’ என்றார். இப்போதும் அவர் சத்தியம் பண்ணவில்லை.

மாமா ஊருக்குப் போகிற அன்றைக்குக் காலையில் நாலு இட்லி சாப்பிட்டார். ஐந்தாவதைப் பாதியில் வைத்துவிட்டார். ஒரு பிரச்னைதான் பாக்கி. மண்ணீரல் வீங்கியிருந்த காலத்தில் ஆறு பேண்ட்டையும் டெய்லரிடம் கொடுத்து இரண்டு இஞ்ச் இடுப்பைப் பிரிக்கச் சொல்லியிருந்தார். இப்போது ஆறும் நழுவுகின்றன. மறுபடி பிடிக்கச் சொன்னதற்கு டெய்லர் கேட்டானாம்: ‘‘சார், எதுக்கும் அடுத்த ஸ்கேன் முடியட்டுமே?’’